வசூல் எந்த வாசலில்?

என் பெரியப்பா தன் காலில் இருந்த புண்ணை மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. நாமக்கல் பக்கம் ஊர். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் கிளம்பி, உடைந்து, சீழ் வைத்தது. பாதம் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. ஆனால் புண் இருப்பது அவருக்குத் தெரியும். வேட்டியைச் சற்று இறக்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடந்தார். கடைசியில் வாடையை வைத்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். அதற்குள் விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "போனாத் திட்டுவாங்க கண்ணு. வாயைக் கட்ட மாட்டியா, எத்தனை தடவை சொல்றதுன்னு அத்தனை பேரு முன்னாடியும் கேப்பாங்க. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான்" என்றார்.

அதே வார்டில் தன் தாயாரைச் சேர்த்திருந்த ஒருவர் இருந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி. அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைக்காமல் ஐந்தாம் நாளாகப் படுத்திருந்தார். ஒரு சாயங்காலம் அந்த மனிதர் என்னிடம் சொன்னார்: "குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டவனுக்கும் கண்டதைத் தின்னு காலைக் கெடுத்துக்கிட்டவனுக்கும் நம்ம வரிப்பணத்துல வைத்தியம். எங்கம்மா என்ன தப்புப் பண்ணுச்சு? அது ஏன் காத்துக் கெடக்கணும்?" பெரியப்பா கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஐந்து இரவுகள் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்த மகனுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கட்டில்கள் எண்ணி வைத்தவை, மருத்துவர்கள் குறைவு, பணத்துக்கு எல்லை உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்பவனும் பார்த்துக்கொள்ளாதவனும் ஒரே வரிசையில் நிற்பது நியாயமா என்று கேட்பதில் தவறில்லை. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு யோசித்து வந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பொதுப் பணம் ஏற்காவிட்டால் அந்தச் செலவு எங்கே போகும்? மாயமாய் மறைந்துவிடாது. இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்த பிறகும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் குடும்பத்தின் கையிலிருந்துதான் போகிறது. குடும்பத்தின் கை என்றால் என்ன? அடகுக்குப் போகும் கம்மல், விற்கப்படும் மாடு, பாதியில் நிற்கும் மகளின் படிப்பு. பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் பெரியம்மா நூற்பாலை வேலைக்குப் போகவில்லை. அந்த இருபது நாள் கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. "அவனவன் நோய்க்கு அவனவன் கொடுக்கட்டும்" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அந்தச் சுமையை அவன் வீட்டுப் பெண்ணின் தலையில் ஏற்றுகிறோம். அவள் குடிக்கவும் இல்லை, கண்டதைத் தின்னவும் இல்லை.

அடுத்தது, தவறு யாருடையது என்ற கேள்வி. பெரியப்பாவின் ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு லோடு ஏற்றிக் கிளம்புவார். இன்ஜின் சூடு கேபின் தரை வழியாகப் பாதத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் சாலையோரம் கிடைப்பது புரோட்டாவும் சால்னாவும்தான். இறங்கினால் நேரம் போகும், ஓரம் கட்டினால் போலீஸ் வரும் என்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார். தூக்கம் தள்ள இனிப்புத் தூக்கலாக டீ, டீயோடு பீடி. சரக்கு குறித்த நேரத்தில் போய்ச் சேராவிட்டால் வாடகையில் பிடித்தம். இதை முப்பது ஆண்டு செய்தவருக்கு வந்த நோயை "வாழ்க்கைமுறை நோய்" என்கிறோம். அந்த வாழ்க்கைமுறையை அவர் தேர்ந்தெடுத்தாரா? பீடியை விட்டிருக்கலாம், உண்மைதான். அவரே அதை ஒப்புக்கொள்வார். ஆனால் புரோட்டா, தூக்கமின்மை, சூடு, நேரக்கெடு ஆகியவற்றில் அவருடைய பங்கு எவ்வளவு, லாரி முதலாளியின் பங்கு எவ்வளவு, காலையில் கடையில் காய்கறி வேண்டும் என்று எதிர்பார்க்கும் நம்முடைய பங்கு எவ்வளவு?

ஜவுளிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு நரம்பு புடைத்துக்கொள்கிறது. அவர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காருவதற்குச் சட்டம் தேவைப்படும் இடத்தில் நடைப்பயிற்சியைப் பற்றி யாருக்கு உபதேசம் செய்வது?

ரேஷன் கடையைப் பாருங்கள். பசியை விரட்டிய அரிசி அது, அதன் அருமையை நான் குறைக்கவில்லை. 2011இலிருந்து அது விலையில்லா அரிசி. 2007இலிருந்து பாமாயிலும் மலிவு விலையில் வருகிறது, சர்க்கரையும் உண்டு. ஏழை வீட்டின் தட்டில் தீட்டிய அரிசியும் பாமாயிலும் சர்க்கரையும் நிறைந்திருப்பதற்கு அந்த வீட்டின் நாக்கு மட்டும் காரணம் இல்லை. பட்டினியை ஒழிக்க அரசு எடுத்த முடிவு அது. அன்று அந்த முடிவு சரி. இன்று அதன் பின்விளைவுக்கு மாத்திரை கொடுப்பதும் அதே அரசின் கடமைதான்.

இன்னும் பின்னால் போனால் தவறு என்ற சொல்லே கரைந்துபோகிறது. தாயின் வயிற்றில் ஊட்டம் குறைந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் இதயநோயும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980களிலிருந்தே எடுத்துக் காட்டினார். புனேவில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை எடைபோட்டு ஆராய்ந்தார்கள். நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருப்பதைக் கண்டார்கள். தாய் பட்டினி கிடந்ததன் தண்டத்தை ஐம்பது வயதில் மகன் கட்டுகிறான். இலங்கையின் ரஜரட்டைப் பகுதியில் 1990களிலிருந்து நெல் விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி வருகிறது. அவர்களில் பலருக்குச் சர்க்கரையும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. தண்ணீரா, பூச்சிமருந்தா, வெயிலா என்று அறிவியல் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அறிவியலே பிரித்துச் சொல்ல முடியாத பொறுப்பை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் எவரால் பிரித்துச் சொல்ல முடியும்?

குடியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முடியாது. மதுவின் சில்லறை விற்பனையை 2003இல் அரசே டாஸ்மாக் மூலம் முழுவதுமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24இல் மதுவின் வழியாக அரசுக்கு வந்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கடுத்த நிதியாண்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 20,000 கோடி. குடிப்பவன் நம் வரிப்பணத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லும் முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தினக்கூலியில் பாதியைக் கல்லாவில் வைத்துவிட்டு வருகிறவன் வரி கட்டாதவன் இல்லை. அவன் அளவுக்குத் தன் வருமானத்தில் பங்கு கொடுத்த செல்வந்தர்கள் குறைவு. அந்தப் பணத்தில் எவ்வளவு அவன் ஈரலுக்கும், அவனிடம் அடிபடும் மனைவிக்கும், சாலையில் அவன் மோதி விழும் மூன்றாம் மனிதனுக்கும் திரும்பி வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கணக்கு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா பத்து லட்சம் அறிவித்தபோது, குடித்துச் செத்தவனுக்கா இவ்வளவு என்று நாடெங்கும் கேட்டார்கள். கேட்டவர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் செத்தவனுக்கு யாரும் பணம் கொடுக்க முடியாது. பணம் போனது அவன் விட்டுச்சென்றவர்களுக்கு. தவறுக்கு அளக்கும் கோலால் நிவாரணத்தை அளந்தால் தண்டனை எப்போதும் தவறு செய்யாதவர் மேல்தான் விழுகிறது. அந்தச் சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. கடைச் சரக்கை வாங்க முடியாதவர்கள்தான் பாக்கெட்டுச் சாராயத்தைத் தேடிப் போனார்கள். ஆகவே வரியை ஏற்றிக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. கள்ளச்சாராயத்தை அடக்காமல் விலையை மட்டும் ஏற்றினால் ஏழையை விஷத்தை நோக்கித் தள்ளுகிறோம்.

யாரால் அரசுக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. செக் குடியரசில் புகைபிடிப்போரால் அரசுக்கு நட்டமா லாபமா என்று ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்துக் கணக்கிட்டது. புகைபிடிப்பவர்கள் சீக்கிரம் இறப்பதால் ஓய்வூதியமும் முதியோர் மருத்துவமும் மிச்சம், அரசுக்கு லாபமே என்று அந்த அறிக்கை சொன்னது. 2001இல் அது வெளியே வந்து உலகமே காறி உமிழ்ந்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கணக்கு என்ற அளவில் அதில் ஓர் உண்மை இருந்ததை மறுக்க முடியாது. 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீட்டிலும், வாழ்நாள் முழுமைக்குமான மருத்துவச் செலவில் முதலிடம் பிடித்தவர்கள் ஆரோக்கியமாக வாழ்ந்தவர்கள். பருமனானவர்களுக்கு அதைவிடக் குறைவு, புகைபிடிப்பவர்களுக்கு எல்லாரையும்விடக் குறைவு. நீண்ட நாள் வாழ்பவர் நீண்ட நாள் மருந்து வாங்குகிறார், மறதி நோய்க்கும் எலும்பு முறிவுக்கும் ஆளாகிறார்.

ஆக, செலவு வைப்பதுதான் குற்றம் என்றால் பெரிய குற்றவாளி என் பெரியப்பா இல்லை. எண்பது வயது வரை நல்லபடியாக வாழ்ந்து இடுப்பொடிந்து கிடந்த அந்த மூதாட்டிதான். இதை எழுதவே கை கூசுகிறது. கூசவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பணக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தால் போய்ச் சேரும் இடம் இது. மருத்துவத்தின் நோக்கம் மிச்சம் பிடிப்பது என்றால் எல்லாரும் அறுபதில் இறந்துவிடுவதுதான் சிறந்த திட்டம். மனிதர்கள் வலியில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்பதற்காகத்தான் ஆஸ்பத்திரி கட்டினோம். அவர்கள் அப்படி வாழ்ந்துவிட்ட பிறகு பில்லைக் காட்டி முகம் சுளிக்கக் கூடாது.

முதுமையின் செலவு இனி ஏறத்தான் போகிறது. 2011இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031இல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது மத்திய அரசு அமைத்த மக்கள்தொகைக் குழுவின் கணிப்பு. தடுப்பூசி போட்டோம், பள்ளியில் சோறு போட்டோம், பிரசவத்தில் தாய்மார் சாவதைக் குறைத்தோம். அந்த வெற்றியின் விளைவு இது.

இதில் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. இன்று எழுபதைத் தொடுகிறவர்களிடம் அன்று சுவரெங்கும் சிவப்பு முக்கோணம் வரைந்து நாம் இருவர் நமக்கு இருவர் என்று அரசு கேட்டுக்கொண்டது. கேட்டார்கள். இரண்டோடு நிறுத்தினார்கள், பலர் ஒன்றோடும் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2020இல் 1.4. நாட்டின் வளர்ச்சிக்காகத் தன் குடும்பத்தைச் சுருக்கிக்கொண்ட தலைமுறையிடம், முதுமையில் உன் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று கையை விரிப்பது நாணயமில்லை. பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2007இல் வந்தது, தேவையான சட்டம்தான். ஆனால் திருப்பூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒற்றை மகனால் படுக்கையில் கிடக்கும் இருவரைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் தூக்கி நிறுத்திவிட முடியாது.

ஜப்பான் இந்த இடத்துக்கு நமக்கு முன்பே வந்து சேர்ந்த நாடு. 2000இல் அங்கே முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதானதும் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். பாதி அந்தச் சந்தாவிலிருந்தும் பாதி வரியிலிருந்தும் வருகிறது. சேவை பெறுபவர் தன் பங்காக ஒரு பகுதியைக் கொடுக்கிறார், வசதி கூடியவருக்கு அந்தப் பங்கும் கூடுகிறது. நீ எப்படி வாழ்ந்தாய் என்ற கேள்வி அதில் இல்லை. எல்லாரும் ஒருநாள் தளர்வோம் என்பதை ஒப்புக்கொண்டு முன்கூட்டியே சேர்த்து வைக்கும் முறை அது. அதே ஜப்பான் 2008இலிருந்து 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களின் இடுப்பளவை எடுக்கிறது. அளவு மீறினால் தண்டம் அந்த ஆளுக்குக் கிடையாது. பரிசோதனையும் ஆலோசனையும் சரியாக நடத்தாத காப்பீட்டு அமைப்பின் மேல்தான் நெருக்கடி விழுகிறது.

பிரிட்டன் 2018இல் குளிர்பானங்களின் சர்க்கரை அளவுக்கு ஏற்ப ஏறும் வரியைப் போட்டது. பல நிறுவனங்கள் வரிக்குத் தப்ப பானத்தில் சர்க்கரையையே குறைத்துவிட்டன. குடிப்பவனைத் திருத்தாமல் தயாரிப்பவனைத் திருத்திய வரி அது. தாய்லாந்து 2001இலிருந்து மது, புகையிலை வரிக்கு மேல் இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்கி, அதை மக்கள் நலப் பணிகளுக்கென்றே ஒரு நிதியில் சேர்க்கிறது. பிலிப்பைன்ஸ் 2012இல் இந்த வரிகளை ஏற்றியபோது, கூடுதல் வருமானத்தின் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று சட்டத்திலேயே எழுதியது. கூடியது எவ்வளவு, எங்கே போயிற்று என்று அந்த நாட்டுக் குடிமகன் கேட்க முடியும். நம் ஊரில் மது வருமானம் பொதுக் கஜானாவில் கலந்துவிடுவதால் கேட்க வழியில்லை.

என் முடிவு இதுதான். வசூலிக்கத்தான் வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வசூலிக்கக் கூடாது. நோயை உண்டாக்கும் சரக்கு கிளம்பும் தொழிற்சாலை வாசலில் வசூலிக்கலாம். அதை விற்று லாபம் பார்க்கும் கடை வாசலில் வசூலிக்கலாம், அந்தக் கடை அரசின் கடையானாலும் சரி. தொழிலாளியின் தூக்கத்தையும் முதுகையும் தேய்த்துச் சம்பாதிக்கும் நிறுவனத்தின் வாசலில் வசூலிக்கலாம். அதற்கு மேல் ஆவதை அவரவர் சக்திக்கேற்ற வரியாக நாம் எல்லாரும் ஏற்க வேண்டும். வாங்கிய பணத்தில் எவ்வளவு மருத்துவத்துக்குப் போயிற்று என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் நோயாளி. அங்கே அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்றால், உண்டு. மாத்திரையை விடாமல் போடுவது, நடப்பது, பீடியைக் கீழே போடுவது எல்லாம் அவன் கையில்தான் இருக்கின்றன. ஆனால் பொறுப்பை ஊட்டி வளர்க்கலாமே தவிர அபராதம் போட்டு வரவழைக்க முடியாது. அபராதத்துக்கும் அவமானத்துக்கும் பயந்தவன் திருந்துவதில்லை, ஒளிகிறான். பெரியப்பாவின் கொப்புளத்தை முதல் நாளே கழுவி மருந்து வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு சொற்பம். மூன்று வாரம் ஒளித்து வைத்ததால் அறுவைச் சிகிச்சை, இருபது நாள் கட்டில், இன்சுலின், பெரியம்மாவின் கூலி, கடைசியில் ஒரு விரல். வார்டில் அந்த மனிதரின் தாயார் காத்திருந்த அறுவை மேசையில்தான் பெரியப்பாவின் விரலையும் எடுத்தார்கள். திட்டு அவரைத் தடுக்காமல் இருந்திருந்தால் அந்த மூதாட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே இடம் கிடைத்திருக்கும். அன்று அந்த மனிதரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மகளிர் குழுவிலிருந்து பயிற்சி பெற்று வந்த பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெரியப்பாவின் தெருவுக்கு வரும் பெண் அதே ஊர்க்காரர். அவர் வாங்கும் ஊக்கத்தொகை அவர் செய்யும் வேலைக்குக் காணாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் நான் அங்கே இருந்தபோது வந்தார். திண்ணையில் பையை இறக்கி வைத்தார். "சாப்பாடு ஆச்சுங்களா மாமா?" என்று கேட்டுக்கொண்டே பட்டையைக் கையில் சுற்றி பிரஷர் பார்த்தார். விரல் நுனியில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை கூடித்தான் இருந்தது. "முந்தாநேத்துக் கோயில்ல விருந்து" என்று பெரியப்பா இழுத்தார். "சரி விடுங்க, நாளையிலிருந்து பாத்துக்கலாம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு மாத்திரை அட்டைகளை எடுக்கக் குனிந்தார். அவர் கேட்பதற்கு முன்பே பெரியப்பா வேட்டியை முழங்கால் வரை வழித்துக்கொண்டு, விரல் போன அந்தப் பாதத்தைத் தூக்கித் திண்ணை மேல், வெளிச்சம் படும்படி வைத்தார்.